ஒன்பது முறை பார்த்தாள்

பதினோரு வருடங்களில் மூவாயிரத்து நூற்று நாற்பது சந்திப்புகள். அத்தனைக்கும் அவள் உட்கார்ந்தது ஒரே இடத்தில்தான்: ஜன்னலோர மூலை, மடியில் எழுத்து அட்டை, கையில் நீலப் பேனா. பிள்ளைகள் அவளுக்குப் பேனாம்மா என்று பெயர் வைத்தார்கள். அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

மூன்று மாடிச் சமூக நல மையம் அது. கீழே முதியோர் பகல் காப்பகம், நடுவில் குழந்தைகள் பிரிவு, மேலே சந்திப்பு அறை. குடும்ப நீதிமன்றம் பிரித்து வைத்த பிள்ளையும் பெற்றவரும் வாரம் ஒரு மணி நேரம் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இரு தரப்பும் வந்துபோக இரண்டு கதவுகள். நடுவே நிறம் போன விரிப்பு, ஒரு கை இல்லாத பொம்மை, சுவரில் பெரிய கடிகாரம். அங்கே நடப்பதைப் பேனாம்மா எழுதுவாள். அதை நீதிபதி படிப்பார்.

கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும்தான் எழுத வேண்டும். ‘அழுதது’ என்று எழுதலாம், ‘வருந்தியது’ என்று எழுதக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுப்பாள். “குழந்தை சந்தோஷமாக இருந்தது” என்று யாராவது எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “சந்தோஷத்துக்கு என்ன நிறம்? பார்த்தியா நீ?” என்று கேட்பாள். அதற்கு முன் இருபது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்தவள். பழக்கம் வீட்டிலும் விடவில்லை. “இன்னிக்கு எத்தனை தடவை இருமினேன், எழுதிட்டியா?” என்று கணவர் சீண்டுவார். “ஏழு” என்று சட்டென்று பதில் வரும்.

சனிக்கிழமை பத்து மணிச் சந்திப்பு ஒரு சலவைக்காரப் பெண்ணுடையது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வெளுக்கப்படும் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இரண்டாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதில் மனசு உடைந்து ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூத்த பெண்ணை, ஆறு வயதுக்காரியை, அத்தைக்காரி கொண்டுபோய்விட்டாள். தாய் இப்போது தேறிவிட்டாள். வார இறுதிகளில் மகளை வீட்டுக்கு அழைத்துப்போக அனுமதி கேட்டு மனு போட்டிருந்தாள்.

சந்திப்புகள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன. கடிகாரம் பார்க்க மகளுக்குத் தாய் கற்றுக்கொடுத்தாள். “பெரிய முள்ளு அஞ்சுல இருந்தா எத்தனை நிமிஷம்?” “இருபத்தஞ்சு!” “அடி என் ராசாத்தி!” விசாரணைக்கு முந்தைய சந்திப்பில் இருவரும் காதோடு காதாக ஏதோ பேசி விளையாடினார்கள். பேனாம்மாவுக்குக் கேட்கவில்லை. கேட்காததை அவள் எழுதவில்லை. கண்டதை எழுதினாள்: ‘சந்திப்பின்போது குழந்தை ஒன்பது முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.’

நீதிபதி அந்த ஒரு வரியின் கீழ் கோடு போட்டார். சந்திப்பு எப்போது முடியும் என்று குழந்தை காத்திருக்கிறது, ஆகவே அவசரப்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. ஒரு மணி நேரம் அரை மணி ஆனது. மறுபரிசீலனை ஆறு மாதம் கழித்து.

அடுத்த சனிக்கிழமை தாய் வந்தாள். அறிக்கையை வக்கீல் படித்துக் காட்டியிருந்தார் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி நுனியில், விருந்தாளி மாதிரி. இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

“உனக்குப் போகணும்னா போ கண்ணு. அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

மகள் திருதிருவென விழித்தாள். தாய் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு போயேவிட்டாள்.

அத்தை வரும்வரை பேனாம்மாதான் துணை. சிறுமி பொம்மையின் தலையைத் திருகிக்கொண்டே கேட்டாள்: “பேனாம்மா, இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சே. ஏன் போயிட்டாங்க?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் பார்த்துட்டே இருப்பேனே! எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்து அம்மா காதுல சொல்லுவேன். நிறைய இருந்தா ஜாலியா இருக்கும்.”

பேனாம்மா பேனாவை மூடினாள்.

திங்கட்கிழமை காலையிலேயே மேலாளர் முன்னால் போய் நின்றாள். மேலாளர் அவளிடம் பயிற்சி பெற்ற பழைய மாணவி.

“நான் எழுதினது தப்பு. திருத்தணும்.”

“ஒன்பது தடவை பார்க்கலையாம்மா?”

“பார்த்தா. ஆனா அதுக்கு அர்த்தம் வேற.”

“அர்த்தம் எழுதாதேன்னு எனக்கே நீங்கதானேம்மா சொல்லிக் கொடுத்தீங்க?” என்று மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “கூடுதல் குறிப்பு எழுதிக் கொடுங்க, பைல்ல வைக்கிறேன். ஆனா ஆறு மாசத்துக்கு அந்த பைலை யாரும் திறக்கமாட்டாங்க.”

மதியம் பேனாம்மா செய்யக் கூடாத காரியம் செய்தாள். சலவைக்கூடத்தின் பின்வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் ஆவியில் வெந்த முகத்தோடு வந்து நின்றாள். பேனாம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

சலவைக்காரி கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“வக்கீல் ஒண்ணு சொன்னாருங்க. அந்தம்மா எழுத்துல ஒரு சொல் கூடக்குறைய இருக்காது, கோர்ட்டே அதை நம்பும்னு.” ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். “இப்ப என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு மாத்திச் சொல்றீங்க.”

“பாவப்பட்டு இல்லம்மா. பிள்ளையே சொல்லுச்சு. நீயே ஞாபகப்படுத்திப் பாரு, உன் காதுல தானே சொல்லிட்டிருந்தா?”

“சொன்னா. நாப்பது இருக்கு, முப்பது இருக்குன்னு சொன்னா. விளையாட்டுன்னு நினைச்சேன். போகணும்னு சொல்லத் தெரியாமதான் அப்படிச் சொல்லிருக்கான்னு உங்க பேப்பரைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது.”

“ஐயோ, அப்படி இல்ல...”

“ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அம்மாக்கிட்ட எந்தப் பிள்ளைதாங்க ஒட்டும்? விடுங்க. உள்ள மெஷின் ஓடுது.”

பின்கதவு ஆவியோடு மூடிக்கொண்டது. தட்டத் தூக்கிய கையைப் பேனாம்மா இறக்கிக்கொண்டாள். தட்டி என்ன சொல்ல? பதினோரு வருடமாக அவள் சொல்லை எல்லோரும் நம்பினார்கள். இன்று நம்ப வைக்க அவளிடம் சொல்லே இல்லை.

தனியாகப் போய்ப் பேசிய விஷயம் இரண்டு நாளில் அலுவலகத்துக்கு எட்டியது. வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று சந்திப்பு அறையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அவளுடைய கூடுதல் குறிப்பின் மேல், ‘எழுதியவர் நடுநிலையில் இல்லை’ என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. மேலாளர் அதை ஒட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தாய் இரண்டு சனிக்கிழமைகளாக வரவில்லை. சிறுமி இரண்டு முறையும் வந்து, அரை மணி நேரம் விரிப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தையோடு திரும்பிப் போனாள். மூன்றாவது முறையும் தாய் வராவிட்டால் சந்திப்பு தானாகவே ரத்தாகும்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்து எழுதுவாள். பேனாம்மாவுக்கு அன்று கீழ்த்தளத்தில், முதியோர் காப்பகத்தில் வருகைப்பதிவு எடுக்கும் வேலை.