கிளியம்மாளின் படியும் ஸ்டேஷன் கால்வாயும்

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்ன ரயில் நிலையத்தை எல்லாரும் ஒரே கட்டடம் என்றுதான் நினைத்தார்கள். உண்மையில் அது இரண்டு. இடது பக்கம் கரி எஞ்சின் ஓடிய காலத்தில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், மூன்று வளைவுகள், சீமை ஓட்டுக் கூரை. ஸ்டேஷன் மாஸ்டர் அறை அதில்தான். வலது பக்கம் மின்சார ரயில் வந்த பிறகு சிமெண்டில் கட்டிய டிக்கெட் அறை. இரண்டுக்கும் நடுவில், பிளாட்பாரத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க நான்கு கருங்கல் படிகள்.

மேலிருந்து இரண்டாவது படியில் கிளியம்மாள் பதினெட்டு வருஷமாகக் கொய்யாப்பழம் விற்றுவந்தாள். பிளாட்பாரத்தில் லைசென்ஸ் இல்லாமல் விற்றால் ரயில்வே போலீஸ் பிடிக்கும். ரோட்டில் உட்கார்ந்தால் ஆட்டோக்காரர்கள் விரட்டுவார்கள். படி இரண்டிலும் சேராது. எந்த ஸ்டேஷன் மாஸ்டர் மாறி வந்தாலும் அந்தப் படியைப் பார்க்காமல் தாண்டிப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. இப்போதிருந்த ஜீவரத்தினமும் அப்படித்தான் போனார்.

பழம் கழுவிய தண்ணீரை அவள் படியோரத்து விரிசலில் ஊற்றுவாள். அது உள்ளே ஓடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்செடி மூடிய பள்ளத்தில் போய் விழும். பழைய கட்டடத்தைக் கட்டியவர்கள் மழைத் தண்ணீருக்காக விட்ட கால்வாய் அது. பிறகு வந்தவர்கள் யாரும் அதை வரைபடத்தில் குறிக்கவில்லை. கிளியம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றுமூன்றில், அகலப் பாதை வரப்போகிறது என்று பிளாட்பாரத்தை உயர்த்தும் வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு வந்த சத்தியநாதன் இளைஞன். இருக்கிற படிக்கு மேலேயே புதுப்படி கட்டப்போவதாகவும், அவள் இடத்துக்கு ஒன்றும் ஆகாது என்றும் அவளிடம் சொன்னான். அவளுக்கு உயிர் வந்தது.

ஆனால் பிளாட்பாரம் உயர்ந்தால் பழைய கட்டடம் பள்ளத்தில் நிற்கும். தண்ணீர் போகக் கால்வாய் எங்கே என்று ஜீவரத்தினம் கேட்டார். ஆட்கள் இரண்டு இடத்தில் தோண்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கால்வாய் படிக்குக் கீழே இருந்தால் படியை உடைத்து, வழியை வடக்குக் கோடிச் சரிவுக்கு மாற்றிவிட வேண்டியதுதான் என்று அவர்கள் பேசிக்கொண்டது கிளியம்மாள் காதில் விழுந்தது. அவள் வாயே திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு பகல் முழுக்க மழை கொட்டியது. பாதி உயர்ந்த பிளாட்பாரத்திலிருந்து வழிந்து, இரண்டு அறைகளிலும் கணுக்கால் அளவு தண்ணீர். படியோரத்து விரல் அகல விரிசலில் அது இறங்கி மாளவில்லை. டிக்கெட் கொடுக்கும் தபீதாள் காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு டிக்கெட் கொடுத்தாள். ஜீவரத்தினம் நனைந்த புத்தகங்களைப் பெஞ்சில் பரப்பிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போலப் படியைப் பார்க்காமல் தாண்டிப் போனார். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்காமல் போனது அவளைச் சுட்டது.

மறுநாள் காலை அவர் மறுபடியும் சத்தியநாதனிடம் கால்வாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிளான்ல இல்லாதது பூமியில இருக்காது சார்,” என்றான் அவன்.

கிளியம்மாள் எழுந்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் விரிசலில் கவிழ்த்தாள்.

“தம்பி, அந்தாண்ட போயி முள்ளுச்செடிக்குக் கீய பாரு. இந்தத் தண்ணி அங்கதான் வந்துகினு கீது.”

அவன் ரோட்டைத் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“ரெண்டு வாரமா தோண்டுறோம். வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தியாம்மா?”

“சொன்னா எம் படிய ஒடைப்பீங்களே.”

ஜீவரத்தினம் படியைப் பார்த்தார். கூடை, கத்தி, மிளகாய்ப்பொடி டப்பா எல்லாவற்றையும் பார்த்தார். வடக்குக் கோடியில் படி வராது, பிளாட்பாரத்துச் சரிவுதான், அங்கே இடம் கொடுக்கத் தன்னால் முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

“தெரியும் சார். இன்னிக்கு ஒரு கூடை பழம் கீது. அத்த வித்துக்கறேன். நாளைக்கு ஒடைச்சுக்குங்க.”

கடப்பாரை நாளைக்கு வரட்டும் என்று அவர் சத்தியநாதனிடம் சொன்னார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் ஒரு டீச்சரம்மா அவசரமாக ஒரு பழம் வாங்கிக்கொண்டு, நாளைக்குக் கொஞ்சம் கனிந்ததாக எடுத்து வைக்கச் சொன்னாள்.

“நாளைக்கு ஜிஎஸ்டி மெயின்ரோட்டாண்ட எங்கனா உக்காந்துகினு இருப்பேன்,” என்றாள் கிளியம்மாள். “தேடிக்கினு வா.”