வெள்ளை ஓரம்

1951 அக்டோபர் 9: 38,000 லீரா.
1955 பிப்ரவரி 22: 1,10,000 லீரா.
1955 ஜூன் 14: 6,500 லீரா.

முதல் தொகை, இத்தாலியின் பதுவா நகரில் மருந்துக்கடைக்காரர் எவரிஸ்தோ போஸ்கரோ ஒரு தர்க்க நூலுக்குக் கொடுத்தது. 1494இல் வெனிஸில் அச்சானது. இரண்டாவது, அதே நூலின் இன்னொரு பிரதிக்கு அவருடைய நண்பர் வக்கீல் பிம்பியோலோ கொடுத்தது. மூன்றாவதைப் பற்றி யாராவது கேட்டால் போஸ்கரோ பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு மேல் அந்த ஊரில் அந்த நூல் அவரிடம் மட்டுமே இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பு மையில் பொடிப்பொடியாக லத்தீன் குறிப்புகள். யாரோ ஒரு பழைய வாசகர் வரிக்கு வரி கிறுக்கி வைத்திருந்தார். வக்கீல் வாரம் ஒருநாள் வந்து, கிராப்பா என்னும் திராட்சைச் சாராயம் குடித்தபடி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே போஸ்கரோவுக்குப் பாதி சுகம்.

பிறகு வக்கீல் தன் பிரதியை வாங்கினார். விருந்துக்குக் கூப்பிட்டார். பாலில் வேகவைத்த கருவாடும் பொலெண்டா என்னும் சோளக்களியும் முடிந்ததும் கைகழுவி வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். அகலமான ஓரம். ஒரு புள்ளி மை கிடையாது.

"பாத்தீங்களா எவரிஸ்தோ, பிரஸ்லேருந்து நேத்து வந்த மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் போஸ்கரோ.

"உங்களோடது ஏதோ பையன் பாடம் படிச்ச புத்தகம். இது சீமான் வீட்டுப் புத்தகம். தப்பா எடுத்துக்காதீங்க."

வீடு திரும்பும் வழியில் மனைவி நொரினாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அந்தாளு புத்தகத்தப் பாத்ததுலேருந்து பல்வலி வந்தவனாட்டம் இருக்கீங்களே."

"ஓரம் எவ்ளோ வெள்ளையா இருந்துச்சு பாத்தியா?"

"நம்ம வீட்டு மேஜை விரிப்பும்தான் வெள்ளையா இருக்கு. அதுக்காக யாரும் சாகறதில்ல."

அன்றிலிருந்து தன் பிரதியைத் திறந்தாலே அவருக்குக் கை கூசியது. முன்பு அழகாகத் தெரிந்த குறிப்புகள் இப்போது ஈ எச்சம் போலத் தெரிந்தன. ஜூன் மாதம் புத்தகத்தை பைண்டர் துலியோவிடம் கொண்டுபோனார். தையலைப் பிரித்துத் தாள்களை அமிலத் தண்ணீரில் ஊறவைத்தால் மை கரைந்துவிடும். பிறகு பசைநீரில் தோய்த்து அழுத்திக் காயவைக்க வேண்டும். பழைய புத்தகக்காரர்கள் எத்தனையோ காலமாகச் செய்து வந்ததுதான். அச்சு மை எண்ணெய் மை, அதற்கு ஒன்றும் ஆகாது.

துலியோ தயங்கினார். "அச்சு நிக்கும் ஐயா. கையெழுத்து போனா போனதுதான். ஒருவாட்டி வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வாங்களேன்."

"நாலு மாசமா யோசிச்சாச்சு. கழுவுங்க."

அமிலத்தை போஸ்கரோவே தன் கடைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்.

6,500 லீரா கூலிக்குத் தாள்கள் பளிச்சென்று திரும்பி வந்தன. அடுத்த வாரம் வக்கீல் வந்தபோது போஸ்கரோ புத்தகத்தை நீட்டினார். வக்கீல் ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். கிராப்பாவைத் தொடவில்லை.

"எழுத்தெல்லாம் எங்க?"

"கழுவிட்டேன். இப்ப யாரோடது வெள்ளை, சொல்லுங்க."

"அடப்பாவி மனுஷா. வாராவாரம் நான் இங்க எதுக்கு வந்தேன்னு நெனச்சீங்க? உங்க கிராப்பாவுக்கா? அந்த ஓரத்தப் படிக்கத்தான்யா வந்தேன்."

"பையன் பாடம் படிச்சதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வக்கீல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வயித்தெரிச்சல்ல சொன்னேன். அச்சடிச்சதோட வரிக்கு வரி சண்டை போட்டிருக்கான் ஓரத்துல எழுதின அந்த ஆளு. அப்படி ஒண்ணு எங்கிட்ட இல்லையே."

வக்கீல் அந்த ஓரக்குறிப்புகளில் ஒரே ஒரு பக்கத்தை முன்பு நகல் எழுதி, பெல்ஜியத்தின் லூவனில் பழைய தர்க்க நூல்களை ஆராயும் பேராசிரியர் டெ ரோவருக்கு அனுப்பியிருந்தாராம். பதில் வந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். மீதிப் பக்கங்களையும் உடனே படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாராம் பேராசிரியர்.

போஸ்கரோ அதை நம்பவில்லை. தன் வெள்ளைத் தாளைப் பார்த்துப் பொறுக்காமல் வக்கீல் கதை கட்டுகிறார் என்றே நினைத்தார். நேரடியாக லூவனுக்கு எழுதினார். எல்லாம் உண்மை என்று பதில் வந்தது; புற ஊதா விளக்கில் பார்த்தால் மையின் தடம் தெரியலாம் என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். நூலகத்தில் இருந்த அப்படியொரு விளக்கின் கீழே போஸ்கரோ ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடித்தார். துலியோ வேலையில் குறை வைத்திருக்கவில்லை. எதுவுமே தெரியவில்லை. அதையும் ஒளிக்காமல் லூவனுக்கு எழுதினார்.

பேராசிரியரின் கடைசிக் கடிதம் சுருக்கமானது. கைக்கு வந்த ஒரு பக்கக் குறிப்பு மட்டும் விளக்க உரையோடு சிறு நூலாக வெளிவருகிறது. அதைக் காப்பாற்றித் தந்த வக்கீல் பிம்பியோலோவுக்கு முதல் பக்கத்தில் நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. குறிப்புகள் இருந்த பிரதி யாருடையது என்பது நூலில் இல்லை. போஸ்கரோ கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வக்கீலின் பெயர் வந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். கடிதம் வந்து சேர்ந்தது 1956 மார்ச் 3.