நாலு கட்டில் காலும் வலப்புரி

1. வாய் நீண்டது

ஏறாவூரில் ரசீக்குக்குத் தளபாடக் கடை. அவருடைய மகள் சிப்னாவின் கலியாணத்துக்கு நாள் குறித்த வாரமே, அவருக்குக் கட்டில் கால் கடைந்து கொடுத்துவந்த ஆள் கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு கொடுப்பது பெண் வீட்டார்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஊருக்கெல்லாம் கட்டில் செய்து விற்ற மனிதரின் மகள் வீட்டில் வேறு கடைக் கட்டில் கிடந்தால், வருகிறவர்களின் வாய்க்கு ரசீக் அவலாகிவிடுவார். அதிலும் சிப்னா கேட்டது சும்மா கால் அல்ல, கயிறு முறுக்கினாற்போன்ற கால்.

நான் வாழைச்சேனையில் படகு எஞ்சின் வேலைத்தலங்களில் காலம் முழுக்கப் பிட்டராக இருந்து ஓய்ந்தவன். ரசீக் கதவுப் பலகையில் பூ வெட்ட, கம்ப்யூட்டர் சொற்படி ஓடும் ஒரு சின்ன சிஎன்சி மெசின் வாங்கியிருந்தார். அது மக்கர் பண்ணும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்.

“பாலண்ணன், பலகையில பூ வெட்டுற மெசின், காலக் கிறுக வச்சு வெட்டாதா?” என்று கேட்டார். கிறுகுவதென்றால் எங்கள் பக்கத்தில் சுற்றுவது.

“வெட்டாது. வெட்ட வைக்கலாம்,” என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

2. கிழங்கு

ரசீக் வீட்டுக் கோடியில், பின்வளவில், நின்ற அந்த மெசினில் மூன்று மோட்டார்தான் ஓடும்: நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. நாலாவதுக்கு இடமில்லை. ஆகவே அகல மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, மரத்தைச் சுற்றும் புது மோட்டாருக்குக் கொடுத்தேன். மெசின் தான் அகலவாக்கில் நகர்வதாக நினைத்துக்கொண்டிருக்கும்; உண்மையில் மரம் சுற்றும். ஏமாற்றுத்தான், ஆனால் யாருக்கும் நட்டமில்லாத ஏமாற்று. மோட்டார் கழன்ற பக்கம் பிடிப்பில்லாமல் ஆடும் என்பதால், வெட்டும் தலையை மரத்தின் நடுக்கோட்டுக்கு நேரே நிறுத்தி கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

மரத்தின் ஒரு முனையைப் பிடிக்க ஒரு சிறிய சக், அதன் பின்னால் இரண்டு பெயரிங், பல் வைத்த பெல்ட். மறுமுனையைத் தாங்க, கூராகக் கடைந்த ஒரு போல்ட். முந்நூற்று அறுபது மில்லிமீட்டர் நகரச் சொன்னால் மரம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்படி செட்டிங்கை மாற்றினேன்.

முதல் வெள்ளோட்டத்துக்கு நல்ல மரத்தை வீணாக்க ரசீக் சம்மதிக்கவில்லை. குசினியிலிருந்து ஒரு மரவள்ளிக் கிழங்கை எடுத்து வந்து மாட்டினோம். ரசீக்கின் மனைவி நசீமா வந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணன், கிழங்கு சீவ எங்கட ஊட்டுல கத்தி இரிக்கி,” என்றார்.

கிழங்கு அழகான கயிறாக வந்தது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. இன்னொரு கிழங்கையும் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

3. திருப்பித் திருப்பிப் பார்த்தது

ரசீக்கிடம் நன்றாகக் காய்ந்த முதிரை மரக் கட்டை நாலே நாலுதான் இருந்தது. நாலையும் வெட்டினோம். பெல்ட் வழுக்கவில்லை, கட்டை ஆடவில்லை. சுவரில் சாத்திவைத்து, நாங்கள் இருவரும் எங்களையே மெச்சிக்கொண்டு நின்றோம்.

நசீமா தேத்தண்ணியோடு வந்தார். கால்களைப் பார்த்தார்.

“நாலும் ஒரே பக்கமா கிறுகுது. கட்டில்ல வச்சா ஒண்டு மாப்பிள்ளையப் பாக்கும், மற்றது செவரப் பாக்கும்.”

உண்மைதான். முறுக்குக் கால் சோடியாக வர வேண்டும்: ஒன்று வலப்புரி, ஒன்று இடப்புரி. கையால் கடைகிறவர்கள் சொல்லாமலே சோடியாகத்தான் கொடுப்பார்கள். அதனால் ரசீக் ஒருநாளும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நானோ காலமெல்லாம் போல்டுக்கு மரை வெட்டியவன். மரை என்றால் எனக்கு வலப்புரி. யாராவது தனியாகக் கேட்டால்தான் இடப்பக்கம் ஒன்று உண்டென்றே நினைவு வரும்.

“இதுல ஒண்டும் பிரச்சின இல்ல. ரெண்டு காலத் தலைகீழா வச்சாச் சரி,” என்றேன்.

வைத்தோம். அதே வலப்புரி. திரும்பவும் புரட்டினோம். அதேதான்.

“மறுகாவும் ஒருக்காத் திருப்பிப் பாருங்க, சிலநேரம் மனம் மாறும்,” என்றார் நசீமா.

போல்டை எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் நட் ஒரே பக்கமாகத்தான் ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது. அதை ரசீக் வீட்டுக் கோடியில் நின்று இரண்டாம் தடவை படித்தேன்.

ரசீக் ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார். “வேற முதிரை எடுத்துக் காயவைக்க நேரமில்ல, அண்ணன். வேற கடையில ஒரு கட்டில வாங்கிப் போடுவம். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. பஞ்சின் கைப்பிடி

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேசையில் கிடந்த சென்டர் பஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். இரும்பில் புள்ளி குத்துகிற, ஆணி போன்ற சின்ன ஆயுதம் அது. கையில் வழுக்காதிருக்க அதன் உடம்பில் வலமும் இடமுமாகக் கோடுகள் குறுக்கே ஓடும். விரலில் அது தட்டுப்பட்டபோதுதான் புத்தி வந்தது.

வெட்டிய வலப்புரியின் மேலேயே நாலு காலிலும் இடப்புரியும் வெட்டினால் என்ன? எல்லாக் காலும் ஒன்றுபோலிருக்கும். வலக் கால், இடக் கால் என்ற கதையே இல்லை.

“பிழைச்சா?” என்றார் ரசீக்.

“பிழைச்சா விறகு.”

கட்டில் சிப்னாவுடையது. ஆகவே அவளைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன்.

“கயிறு கேட்டன், வலை தாறீங்க,” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெட்டுங்க மாமா. கடைக் கட்டில் மட்டும் வேணாம். அதப் போட்டா வாப்பா அந்த அறைக்குள்ளயே வரமாட்டாரு,” என்றாள்.

கழற்றிய கட்டையைத் திரும்ப மாட்டுவது லேசான வேலையில்லை. மயிரிழை நடு தவறினாலும் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் வெட்டும். பழைய மையக் குழியிலேயே போல்டின் கூரை வைத்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் பிடித்து, கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முதல் வெட்டுத் தொடங்கிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டேன். செட்டிங்கில் சுற்றும் திசையை மாற்றினேன். ரசீக் வாய்க்குள் ஓதினார். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். முதல் கால் முடிந்து தூளைத் தட்டியபோது, மீன் வலையைச் சுற்றிப் போர்த்தியதுபோல் கண் கண்ணாக நின்றது. ரசீக் அதைத் தடவிக்கொண்டே நின்றார். எனக்குக் கண் கலங்கியது; மரத்தூள் என்று சொல்லிவிட்டேன்.

5. வீடு பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்த அன்று, புது வீட்டில் ஒரு கதவுப் பூட்டு இறுகியதால் நானும் அங்கே நின்றேன். மாப்பிள்ளையின் தாய் கட்டில் காலைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இப்பிடி ஒரு டிசைன் நாங்க எங்கயும் காணல்ல. ஆரு போட்ட?”

ரசீக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ பெரிதாகச் சொல்லத் தயாரானார். நசீமா முந்திக்கொண்டார்.

“பிழை விட்டது இந்த அண்ணன். அதப் பாக்காம நிண்டது எங்கட மனிசன். ரெண்டு பேரும் சேந்து போட்டதுதான்.”

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ரசீக்.

இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு துண்டை வெட்டுவதற்கு முன், அதற்கு எதிரே என்ன நிற்கப்போகிறது என்று கேளுங்கள். மெசின் அதைக் கேட்காது. பழக்கப்பட்ட கையும் கேட்காது.

போகும்போது மாப்பிள்ளையின் தாய், தன் இளைய மகளுக்கும் அதே கால்தான் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வேறு வீட்டாரும் கேட்டு வந்தார்கள். இப்போது ஒவ்வொரு ஓடருக்கும், முதலில் அந்தப் பிழையைச் சரியாக விட வேண்டியிருக்கிறது.