தண்ணீர் இருக்க மண் தடவிய முகம்

கிணற்றில் தண்ணீர் இருந்தது. இருந்தும் நான் மண்ணைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டு தொழுதேன். பக்கத்து வீட்டுக்காரன் அதைப் பார்க்க வேண்டும் என்றே செய்தேன்.

இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு ஆறு வருஷம் சென்றது. கொப்பியை எடுப்பேன், பேனையைத் திறப்பேன், மூடிவிடுவேன். நோன்பு கழியட்டும் என்பேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தையற்காரனுக்கு எழுத வராது என்பதும் ஒரு சாக்கு. எழுத வருகிறது, பாருங்கள். வராமல் இருந்தது துணிச்சல்.

உங்களில் சிலருக்கு எங்கள் மார்க்க முறை தெரியாமல் இருக்கலாம். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி வுளுச் செய்ய வேண்டும். தண்ணீர் கிடைக்காதவனுக்கு அல்லாஹ் ஒரு சலுகை தந்திருக்கிறான். சுத்தமான மண்ணில் உள்ளங்கையை வைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் போதும். தயம்மும் என்போம். கிடைக்காதவனுக்கு! அவனுக்கென்று வைத்த சலுகையைத்தான் நான் திருடினேன்.

எங்கள் வீடு கலகெதரையில், பெரிய ரோட்டிலிருந்து கீழே இறங்கும் பாதையில் இருக்கிறது. கிணறு வாப்பா வெட்டியது. மோட்டர் போட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றி, அங்கிருந்து மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைத்திருந்தார். யார் வந்தாலும் பிடிக்கலாம் என்று மனதார நிய்யத்து வைத்துவிட்டுக் கண்மூடி மௌத்தானார். பாதையில் பத்துச் சிங்கள வீடுகள். எல்லோரும் அந்தக் குழாயைத்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த வருஷம் மழை தவறியது. வர வேண்டிய மாதத்தில் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. கீழே ஓடை வெறும் கல்லாய்க் கிடந்தது. மேலே புதிதாக வந்த ஹோட்டல் ஒன்று ஆழக் குழாய்க்கிணறு அடித்து நீச்சல் தடாகம் நிரப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஒரு நாதியில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. எங்கள் கிணற்றில் மட்டும் நான்கு சிமெந்து வளையத்து உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்தான். மூன்று கிழமை கழிந்தது. என் மனைவி சொன்னாள்:

"நாப்பது முடியுற மட்டும் தண்ணி வேணும். எல்லாருக்கும் தொறந்து உட்டா நம்மட புள்ளக்கி என்னத்த வார்க்கிற?"

"வாப்பாட நிய்யத்து ஈக்கி."

"வாப்பாட நிய்யத்து புள்ளட பீத்துணி கழுவுமா? சொல்லுங்கொ பாப்பம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் வெளிக்குழாயின் வால்வை மூடினேன். அவள்மேல் பழி போடவில்லை. மூடியது என் கை.

மறுநாள் பகல் பக்கத்து வீட்டுக் குணபால இரண்டு கேன்களோடு வந்தான். மேசன் வேலை செய்பவன். எங்கள் ஆட்களின் கடைகளைக் கட்டிக் கட்டியே தமிழ் பழகியவன். என்னை நாநா என்பான், நான் தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்பேன். ஒரு கெட்ட காலத்தில் எங்கள் வீடுகளுக்குக் கல்லெறிய ஆட்கள் வந்தபோது, என் கேற்றுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நாநா, கொழாயில தண்ணி வாறல்ல."

"கெணறு, மல்லி..." என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. கையை மட்டும் விரித்தேன்.

வாயால் பொய் சொல்லவில்லையாம்! அப்படித்தான் அன்றைக்கு என்னை நான் தேற்றிக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

அந்த நேரம் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பள்ளித் தடாகமும் வற்றியதால், வீட்டிலேயே வுளுச் செய்துகொண்டு வரும்படி அறிவித்திருந்தார்கள். குணபால கேனோடு நின்றுகொண்டிருந்தான். எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் தெரியாது... விறாந்தை ஓரத்துச் செம்மண்ணில் இரண்டு கையையும் வைத்தேன். முகத்தைத் தடவினேன். கையைத் தடவினேன்.

"நாநா என்ன செய்ற?" என்று அவன் கதவுக்குள் நின்ற என் மனைவியைக் கேட்டான்.

"தண்ணி இல்லாத நேரம் எங்கட ஆக்கள் மண்ணால வுளுச் செய்ற," என்றாள் அவள்.

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. மார்க்கச் சட்டத்தைத்தானே சொன்னாள்! குணபால என் முகத்தைப் பார்த்தான். "பவ்," என்றான். பாவம் என்று அர்த்தம். கேன்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள் அந்த விறாந்தையில் மண் தடவினேன். மோட்டர் போட்டால் சத்தம் கேட்கும். அதனால் வாளியால் இறைத்தோம். கப்பி கிறீச்சிடும் என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்படியும் கொஞ்சம் சத்தம் வந்தது. ஆகவே பாங்கு சொல்லும் நேரமாகப் பார்த்து இறைத்தோம். தொழ வாருங்கள் என்று அழைக்கிற சத்தத்துக்குள் என் வாளிச் சத்தத்தை ஒளித்தேன்!

உள்ளே போய் இரகசியமாக வுளுச் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் நாள் அப்படியும் செய்து பார்த்தேன். தாடி ஈரமாகிவிட்டது. பாதையால் பள்ளிக்குப் போகும்போது யாராவது கண்டால்? அந்தப் பயத்தில் விட்டுவிட்டேன். மண்ணோடு போய், மண்ணோடு சுஜூதில் விழுந்தேன். அல்லாஹ் பார்ப்பான் என்ற பயத்தைவிட, தாடியின் ஈரத்தை அயலவன் பார்ப்பான் என்ற பயம் பெரிதாக இருந்தது.

பள்ளியில் பக்கத்தில் நின்ற சிநேகிதர் ஒருவர் காதுக்குள் கேட்டார்: "என்ன தையல்காரரே, தாடி செவந்தீக்கி. மருதோண்டியா? ரெண்டாவது கலியாணம் ஒண்டும் இல்லயே?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

சந்திக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பவுசர் வரும். நானும் வெறும் கேனோடு போய் வரிசையில் நின்றேன். நிற்காவிட்டால் சந்தேகம் வருமே! தேவையில்லாத தண்ணீரைத் தேவையானவர்களின் வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒரு நாள்தான் அது நடந்தது. வரிசையில் மலையடியில் இருக்கும் மேல் கொலனி ஆட்களும் எங்கள் பாதை ஆட்களும். எல்லோரும் சிங்களவர்கள், என்னையும் இன்னும் இரண்டு பேரையும் தவிர. வெயில் மண்டையைப் பிளந்தது. பவுசரில் தண்ணீர் அரைவாசிக்குக் கீழே போய்விட்டது. குணபால முன்னால் நின்றான். நான் எட்டுப் பேருக்குப் பின்னால். மேல் கொலனியைச் சேர்ந்த ஒருவன் அவனிடம் சிங்களத்தில் கத்தினான். அவர்கள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"ஒங்க பாதையில அந்த தையல்கார நாநாட கெணறு ஈக்குதானே? இஞ்ச என்னத்துக்கு வந்து நிக்கிற?"

"அதுல தண்ணி இல்ல."

"இல்லயா? பள்ளிக்காரன் எல்லாரும் தண்ணிய ஒளிச்சி வெச்சிட்டு நிக்கிறானுகள். ஒனக்கு மட்டும் உள்ளால குடுக்கிறானா? அதான் வாலாட்டுற?"

"அந்த மனிசன் மண்ணால மூஞ்சி கழுவிட்டு கும்பிடப் போறார். நான் கண்ணால பாத்த. சாமிக்கி முன்னால யாரும் பொய் சொல்லுவானா?"

நான் அங்கேயே நின்றேன். ஒரு வசனம் போதும். 'என் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாருங்கள்.' அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே சொல்லிப் பாருங்கள். நான் என் கேனின் மூடியைக் கழற்றினேன், மறுபடி பூட்டினேன்.

ஒருவன் தள்ளினான். குணபால பவுசரின் இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டான். நிரம்பிய கேன் ஒன்று ஓங்கி வந்தது. இரும்புப் படிக்கும் கேனுக்கும் நடுவில் அவனுடைய வலக்கை.

எலும்பு உடைந்த சத்தத்தை எட்டுப் பேருக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

அவனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்து, வரிசை மறுபடி சேர்ந்தது. என் முறை வந்தது. நான் தண்ணீர் பிடித்தேன். ஆம், பிடித்தேன்!

இரண்டு நாளில் அது வேறு கதையாகிவிட்டது. பள்ளிக்காரர்கள் தண்ணீரை ஒளித்துவிட்டுச் சண்டை மூட்டுகிறார்கள் என்று பேச்சு. கடைகளை மூடினார்கள். சந்தியில் டயர் எரிந்தது. பிறகு துவக்கோடு ஆமிக்காரர்கள் வந்து நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத சந்தியில் துவக்கு! அது வெறும் வதந்தி என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொன்னார்கள். ஒரு பள்ளியின் மேல், ஓர் ஊரின் மேல் விழுந்த பொய்ப் பழிதான் அது. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருந்தது. அது என் வீட்டில், நான்கு வளையம் ஆழத்தில் இருந்தது.

பேரனுக்கு நாற்பது நிறைந்த அன்று குணபாலவின் மனைவி வந்தாள். கையில் ஒரு போத்தல். "பபாவுக்கு," என்று பேரனைக் காட்டினாள். பவுசரில் பிடித்த தண்ணீர். காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை வாங்கினேன். அவள் போன பிறகு கிணற்றடிக்குப் போய் அதைக் கிணற்றுக்குள் ஊற்றினேன். குடிக்கவும் முடியவில்லை, நிலத்தில் கொட்டவும் முடியவில்லை.

அந்தக் கிழமை மழை வந்தது. மூன்று நாளில் ஒரு வருஷத்து மழையைக் கொட்டி, மேல் கொலனிக்குப் பின்னால் மலையையும் சரித்துவிட்டுப் போனது. நான் வால்வைத் திறந்தேன். "கிணறு ஊறிவிட்டது," என்று சொன்னேன். அது மட்டும் வாயால் சொன்ன பொய்.

அண்மையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்டியிலிருந்து வந்த ஒரு துரை படம் போட்டுக் காட்டினார். காலநிலை மாறிவிட்டது, தண்ணீர் குறைந்தால் சனங்களுக்குள் சண்டை வரும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வானம் மாறியது உண்மை. மாற்றியவர்களும், நீச்சல் தடாகம் நிரப்பியவர்களும் நாசமாய்ப் போகட்டும். ஆனால் வால்வை மூடியது வானமா? கப்பிக்கு எண்ணெய் விட்டது வானமா? என்னைப் போன்ற ஆளுக்கு அந்தப் படம் நல்ல போர்வை. அதைப் போர்த்திக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது.

பத்தொன்பது நாள் தொழுகையையும் திரும்பத் தொழுது களாச் செய்து முடித்துவிட்டேன். குணபாலவின் கையை எந்தக் களாவால் நிமிர்த்துவது? கோணலாகப் பொருந்திய கை. மேசன் கரண்டி பிடிக்க வராது. இப்போது ஒரு களஞ்சியத்துக்குக் காவலிருக்கிறான். இடக்கையால் கேனைத் தூக்கிக்கொண்டு என் குழாய்க்கு வருகிறான். இந்த வருஷமும் மழை பிந்துகிறது. போன கிழமை வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நாநா, இந்த மொற எனக்கும் அந்த மண்ணால கழுவுற வேலய படிச்சிக் குடுங்கொ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் இன்னும் நம்புகிறான்.

அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும். வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேனா? இந்தக் கேள்வியையும் உங்களுக்கு முன்னால் வைக்கிறேன்.

உங்களில் சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்தவர் இருந்தால் இதை அவன் மொழியில் எழுதுங்கள். யாருக்குச் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். பேரனுக்காகச் செய்தான் பாவம் என்று மெதுவாக்க வேண்டாம். வரிசையில் எட்டுப் பேருக்குப் பின்னால் நின்றதை விட்டுவிட வேண்டாம். கடைசியில் அவன் மன்னித்தான் என்று ஒரு வரி சேர்க்க உங்களுக்கு மனம் வரும். சேர்க்காதீர்கள். நான் இன்னும் அவனிடம் கேட்கவில்லை.