இருட்டில் விட்ட கன்னம்

அரியலூரில் ஸ்டுடியோ போட்ட புதிதில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர் பெஞ்சில் காத்திருப்பார். நான் வாசலில் நின்று, சுண்ணாம்புக்கல் லாரி போன பிறகு வெயிலில் புழுதி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போதுகூடத் தட்டை ஜன்னல் பக்கம் நகர்த்திவைத்து, சோற்றின் மேல் நிழல் எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். "சோத்தப் பாத்தது போதும், தின்னுங்க" என்பாள் என் மனைவி.

எல்லாம் திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஒரு புத்தகத்தால் வந்த வினை. அதிலிருந்த ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை, படங்கள் புரிந்தன. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் முகத்துக்கு உயிர். ஆளைச் சுற்றிச் சும்மா கிடக்கும் சுவரும் படம்தான். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன வேலை, பாதி போதும். இந்தப் 'பாதி போதும்' என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரஞ்சன்குடிக்குப் போனால் கோட்டையை விட்டுவிட்டு, படிக்கட்டில் பாதிவரை இறங்கிய நிழலை எடுத்துக்கொண்டு வருவேன்.

கூலி கொடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். லெப்பைக்குடிக்காட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அண்ணன் துபாயிலிருந்து வர முடியவில்லை. அவருக்கு அனுப்பவேண்டிய ஆல்பத்தில், பந்தல் ஓரம் காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒரு பக்கம் முழுக்க வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, கல்யாணத்துக்கு ஆளே வரலேன்னு அவன் நெனச்சுக்க மாட்டானா?" என்று கேட்டார். ரசனை கெட்ட ஜனங்கள் என்று அன்றைக்கு முழுவதும் வீட்டில் சிடுசிடுத்தேன். அப்புறம் கழுத்தில் இரண்டு கேமரா தொங்கவிட ஆரம்பித்தேன். ஒன்று கூலிக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதில் கறுப்பு வெள்ளை ஃபிலிம்.

அடுத்த வருஷம் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனேன். ஒரு வயதுப் பெண் குழந்தை. அப்பா லாரியில் கல் ஏற்றும் வேலை பார்த்தவர். குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். எல்லாப் படத்திலும் மாமன்தான் இருப்பார். அப்பா பந்தி விசாரித்துக்கொண்டும் தண்ணீர்க்குடம் தூக்கிக்கொண்டும் ஓடினார். குடும்பத்தோடு நிற்கக் கூப்பிட்டபோது, "நான் எதுக்குங்க, புள்ளய எடுங்க" என்று நழுவிவிட்டார்.

மத்தியானம் பந்தி ஓய்ந்த பிறகு அவர் உள்வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றார். எதிரே என் பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதையே பார்த்தார். வெளிச்சம் இடக் கன்னத்தில் மட்டும் பட்டது. வலப்பக்கம் கும்மிருட்டு. மீதியெல்லாம் வெறும் சுவர். என் கேமராவைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்தேன். ஃபிலிமைக் கழுவிப் பார்த்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தை ஸ்டுடியோ சுவரில் மாட்டினேன். அவர்களுக்குக் கொடுக்கவில்லை, கெட்டுப்போன படம் என்று சொல்லிவிடுவார்கள்.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள்காமாலையில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதால் கல்யாணப் படம் கிடையாது. காதுகுத்து ஆல்பத்தில் அவருடைய முதுகும் ஒரு கையும்தான் இருந்தன. நான் பெருமையாகவே சுவரில் இருந்ததைக் காட்டினேன். அவள் கிட்டே போய் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"பாதிதான இருக்கு. இந்தப் பக்கம் எங்கண்ணே?"

நெகட்டிவில் தேடினேன். இருட்டான பக்கம் ஒன்றுமே பதியாமல் வெறும் கண்ணாடியாக இருந்தது. என்ன செய்தாலும் கன்னம் வரவில்லை. கடைசியில் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழியைப் பிடித்தேன். வெளிச்சமான பாதியை ஒரு பிரதி நேராகவும், நெகட்டிவைத் திருப்பிப்போட்டு இன்னொன்றும் எடுத்து, இரண்டையும் வெட்டி ஒட்டி, நடுக்கோட்டைப் பென்சிலால் மறைத்து, திரும்பப் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். முழு முகம் கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே கன்னம்.

காரியத்துக்கு முதல் நாள் வந்து பார்த்தவள், தன் வலக் கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள். "மச்சத்தக் காணோமே அண்ணே. பெருசா இருக்குமே" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு பகல் முழுவதும் இருந்திருக்கிறேன், அவர் கையால் பரிமாறிய சோற்றைத் தின்றிருக்கிறேன். அப்படி ஒரு மச்சம் என் கண்ணில் படவே இல்லை. மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். வைத்தால், அந்தக் கன்னம் என்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டது போலாகும். வெட்கங்கெட்டுப் பொய் சொன்னேன். படம் என்றால் மச்சம், தழும்பெல்லாம் எடுத்துவிட்டுத்தான் போடுவோம், எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன். சரிங்கண்ணே என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே சுவர்ப்படத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டேன். போட்டும் நிம்மதி இல்லை. ரெட்டிபாளையம் பக்கம் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தை எங்கே பார்த்தாலும் இருட்டுக்குள் என்ன இருக்கிறதோ என்று கேமராவை இறக்கிவிடுவேன்.

இரண்டாயிரத்து ஏழில் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு நாள் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்தாள். ஏழாவது படிப்பாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும், வலக் கண்ணுக்குக் கீழே இருந்த பெரிய மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா, இத எடுத்துடுங்க. கிளாஸ்ல கேலி பண்றாங்க."

எடுத்துடலாம் என்றேன், வழக்கமாகச் சொல்வதுபோல. அவள் பேசிக்கொண்டே போனாள். "ஒங்கப்பாவுக்கும் இதே எடத்துல இருந்துச்சுன்னு அம்மா சொல்லுது. சும்மா என்னச் சமாதானப்படுத்தச் சொல்லுது. வூட்டுல அப்பா படத்துல ஒண்ணுமே இல்ல. அது நீங்க போட்ட படந்தானாம்."

கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். இழுப்பறையைத் துழாவி, அடியிலிருந்து பழைய படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வெளிச்சப் பாதியைத் திருப்பி ஒட்டியதை, அவள் அம்மாவிடம் பொய் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒங்கம்மா சொன்னது நெசம்தாம்மா. நான்தான் அந்தப் பக்கத்த இருட்டுல வுட்டுட்டேன்."

அவள் அப்பாவின் கறுப்பான பாதியை விரலால் தடவினாள்.

"இந்தப் பக்கம் வேற என்ன மாமா இருந்துச்சு?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் பார்த்தது வெளிச்சத்தை, அவரைப் பார்க்கவில்லை.

"அம்மாவக் கேட்டுக்கறேன்" என்றாள். பிறகு படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மச்சத்த எடுக்காதீங்க மாமா, இருக்கட்டும்."

ஸ்டூலுக்கு இரு பக்கமும் இருந்த இரண்டு விளக்கையும் போட்டேன்.