அவருக்குப் பதிலா நின்ன வெள்ளிக்கிழமை

நான் திண்டிவனத்துல ஒரு லேப்ல டெக்னீஷியன். ரத்தம் எடுக்கறது, மெஷின்ல போடறது, ரிப்போர்ட் குடுக்கறது, இதான் வேல. பொறந்ததுலேர்ந்து கிறிஸ்டியன்தான், ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவேன், தவக்காலத்துல கறி தொடமாட்டேன், அதெல்லாம் சரி. ஆனா இந்தச் சுகமளிக்கும் கூட்டம், எண்ணெ பூசறது, மேடையேறி சாட்சி சொல்றது, இதுங்க மேல எனக்கு எப்பவும் ஒரு எரிச்சல். ஜெபத்துல சுகர் போயிடுச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டு, அப்புறம் மயங்கி விழுந்து எங்க லேப்புக்கே வந்தவங்கள நான் பாத்திருக்கேன். இப்ப நான் சொல்லப்போறத வேற யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். நீங்களும் சிரிங்க, பரவால்ல, முழுசாக் கேட்டுட்டு சிரிங்க.

என் வூட்டுக்காரரு சேவியரு, மல்லாட்டை புரோக்கரு, வேர்க்கடலையத்தான் எங்க பக்கம் அப்படிச் சொல்வோம். மார்க்கெட் கமிட்டில நின்னுக்கினு வெவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவுல பேசிப் பேசியே வெலைய முடிச்சுக் குடுப்பாரு. அவருக்கு வாயிதான் மொதலு. அந்த மனுசனுக்கு ஒரு நாள் காலைல டீ குடிச்சிக்கினு இருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு, கையி தொவண்டு போச்சு. ஸ்ட்ரோக்கு. விழுப்புரத்துக்கு ஜல்தியா கொண்டும்போய் ஊசி போட்டதுல உயிருக்கு ஆபத்தில்ல, கையும் மெல்ல மெல்லத் தூக்க ஆரம்பிச்சாரு, ஆனா பேச்சு மட்டும் வரல. நாம சொல்றது புரியுது, பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது, உடனே கண்ணுல தண்ணி வந்துடும். டாக்டரு, "வரலாம்மா, வராமலும் போகலாம், பொறுத்துதான் பாக்கணும்"னாரு. பேச்சு வரலன்னா இந்த மனுசன் உயிரோட இருந்தும் உள்ளுக்குள்ளயே செத்துடுவாருன்னு எனக்குத் தெரியும். ரொம்ப பயந்து போயிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழம கொழுந்தன ஆஸ்பத்திரில வுட்டுட்டு, துணி தொவச்சு எடுத்துக்கினு போலாம்னு வூட்டுக்கு வந்தேன். வாசல்லயே என் நாத்தனா மேரி நிக்கறா. அவ எங்க கோயிலுக்கு வர்றதில்ல, ஒரு ஜெபவீட்டுக்குப் போறவ. "அண்ணி, இன்னிக்கு உபவாச ஜெபம். அண்ணனால வர முடியாதில்ல, நீங்க பதிலா நில்லுங்க"ன்னா. அவங்ககிட்ட அப்படி ஒரு பழக்கம். சீக்காளி வர முடியலன்னா வூட்ல ஒருத்தர் அவருக்குப் பதிலா முன்னால போய் நிக்கணும், பாஸ்டர் பேரு கேட்டா சீக்காளி பேரச் சொல்லணும். எண்ணெ இவங்க நெத்தில, சுகம் அவங்களுக்கு.

"என்னை வுட்டுடு மேரி, இருக்கற பேஜாரே போதும். நீயே போய் நில்லு"ன்னேன்.

"புருசன் பொஞ்சாதின்னா ஒரே ஒடம்பு அண்ணி. நீங்க நின்னாதான் சரியாவும். உங்களுக்கு நம்பிக்க வேணாம், எனக்கு இருக்குது"ன்னு அழுவுறா. அவரு கூடப்பொறந்தவ அழறதப் பாக்க முடியாம போனேன்.

தகர ஷெட்டு, உச்சி வெயிலு, ஃபேன் காத்துகூட கொதிக்குது. வரிசைல நிக்கறேன், நெனப்பெல்லாம் விழுப்புரம் பஸ்ஸு மேல. ஆளாளுக்கு சத்தமா ஜெபம் பண்றதுல பக்கத்துல பேசறதுகூட கேக்கல. பாஸ்டர் எண்ணெல வெரல நனச்சு என் நெத்தில வச்சு, "பேரு என்னம்மா, என்ன கொற?"ன்னாரு.

"ஸ்டெல்லா. பேச்சு வரல"ன்னேன்.

ஸ்டெல்லா என் பேரு. எங்க லேப்ல தெனமும் நடக்கற கூத்து இது, அப்பாவோட சாம்பிளக் கொண்டாந்து குடுப்பாங்க, பேரு கேட்டா தன் பேரச் சொல்லுவாங்க. "உங்க பேரயா கேட்டேன், பேஷண்ட் பேரச் சொல்லுங்க"ன்னு கடிப்பேன். இப்ப நானே அதப் பண்ணிட்டேன். திருத்தலாம்னு பாக்கறதுக்குள்ள பாஸ்டர் கண்ண மூடிக்கினு, "ஆண்டவரே, ஸ்டெல்லாவோட நாவின் கட்டை அவிழ்த்துவிடும்"னு ஆரம்பிச்சுட்டாரு.

வெளிய வந்ததும் மேரி என்னமோ கேட்டா. பதில் சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன், காத்துதான் வருது. நம்புனா நம்புங்க, நாக்கு என்னுதே இல்லாத மாதிரி கெடக்குது. அந்நேரம் பாத்து போன் அடிக்குது. கொழுந்தன். "அண்ணி, அண்ணன் பேசுறாரு, ஜல்தி வாங்க"ன்றான். எனக்கு ஒரு வார்த்த வரல, போன மேரி கையில குடுத்துட்டேன். பஸ்ல பாதி வழி போனப்புறம்தான் எனக்குப் பேச்சு வந்துச்சு. பட்டினி, வெயிலு, தூக்கமில்ல, அதனாலதான்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கினேன்.

வார்டுல நர்ஸு அவர எழுப்பி உக்கார வச்சு, "ஐயா, உங்க பேரு என்ன?"ன்னு கேக்கறாங்க. அவரு தெளிவா, "ஸ்டெல்லா"ன்னாரு. பொஞ்சாதி மேல எவ்ளோ பாசம் பாருன்னு வார்டே சிரிச்சுது. நான் மட்டும் நெத்தில மிச்சமிருந்த எண்ணெய முந்தானையால தொடச்சேன்.

டாக்டருகிட்ட கேட்டேன். மூளைல வீக்கம் வடிஞ்சா பேச்சு திரும்பும், ஆரம்பத்துல பேரு மாறி மாறி வர்றது சகஜம்னு வெளக்கமா சொன்னாரு. நானும் அதத்தான் நம்புறேன். அதனாலதான் அவரு மாத்திரைய இன்னிக்கும் ஒரு வேள தவறாம நான் கையில எடுத்துக் குடுக்கறேன். அவரும் முழுசாத் தேறி திரும்ப கமிட்டிக்குப் போறாரு. மேரி மேடையேறி சாட்சி சொல்லிட்டா. நான் என்ன பேரச் சொன்னேன்னு அவளுக்குக்கூட தெரியாது.

இப்ப அவரு பேரக் கேட்டா சேவியர்னு ஒழுங்காத்தான் சொல்றாரு. ஆனா வாசல்ல யாராவது ஸ்டெல்லான்னு கூப்ட்டா, உள்ளேர்ந்து "தோ வர்றேன்"னு அவருதான் எழுந்து போவாரு, போய் நின்னுட்டு ஏன் வந்தோம்னு முழிப்பாரு. அதுகூட போவட்டும். போன வாரம் நான் வாசப்படில உக்காந்து கீரை ஆஞ்சிக்கினு இருந்தேன். எதிர்வூட்டம்மா வந்து நின்னாங்க, வழக்கம்போல அவரு "தோ வர்றேன்"னு வெளிய வந்தாரு. அந்தம்மா என்னைப் பாத்து, "ஏம்மா, பக்கத்துல நின்னு இத்தினி வாட்டி கூப்புடுறேன், காது கேக்கலயா?"ன்னாங்க.

காது நல்லாத்தான் கேக்குது. அவங்க ஸ்டெல்லா ஸ்டெல்லான்னு கூப்ட்டதும் கேட்டுச்சு. வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனச்சு நான் கீரைய ஆஞ்சிக்கினு இருந்தேன்.