அப்பாவின் சாய்வு சைக்கிள்

போன வருடம் ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். திருப்பூர் நல்லூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீதியில் நடந்தது இது. இப்போதும் அந்த வீதி முனையில் திரும்பும்போது என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிடுகிறது.

அப்பாவுக்கு அப்போது ஓர் ஆபரேஷன் ஆகியிருந்தது. எந்த இடத்தில் என்பதை அவர் வெளியே சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "இடுப்பு நோவுங்க" என்று முடித்துக்கொண்டார். டாக்டர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நடக்கலாம், சாய்ந்து உட்காரலாம், கால்களுக்கு நன்றாக வேலை கொடுக்கலாம். ஆனால் சைக்கிள் சீட்டில் மட்டும் இனி உட்காரவே கூடாது.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. என் அப்பாவுக்கு அது தலையில் விழுந்த இடி. அவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார். மோட்டார் வண்டி ஓட்டப் பழகவே இல்லை. கம்பெனி இருப்பதோ பஸ் போகாத உள்வீதியில். அதனால் குணமாகி வேலைக்குத் திரும்பியதும் நான்தான் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பிறகு நேர் எதிர்த்திசையில் இருக்கும் என் ஆபீசுக்கு அலறியடித்துக்கொண்டு ஓடுவேன். ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த வேலையை அப்பா என்னைவிடப் பெரிதாக நினைத்தார். நான் தினமும் தாமதமாகப் போவது தெரிந்ததும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் நின்னுக்கறேன் கண்ணு. ஊட்லயே இருந்துக்கறேன். நீ உன்ற வேலையப் பாரு."

சும்மா சொன்னதல்ல அது. ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டிலிருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். விட்ட கீலுக்கே மறுபடியும் விட்டார். பிறகு வாசலில் நின்று, ஷிப்டுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மனுஷன் வேலையை விட்டால் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஆபீஸ் வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு விநோத சைக்கிள் கிடந்தது. துணியின் தரம் பார்க்க வந்து கொஞ்ச காலம் இங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அதில் குனிந்து உட்கார வேண்டியதில்லை. ஈசிசேர் மாதிரி வலை பின்னிய இருக்கையில் முதுகு சாய்த்துக்கொள்ளலாம். பெடல் முன் சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். இரண்டு காலையும் நீட்டி மிதிக்க வேண்டும். பாரம் முழுவதும் முதுகில். இணையத்தில் தேடியபோது, ஆபரேஷன் ஆனவர்கள்கூட இதை ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தது. டாக்டரிடம் போனில் படத்தைக் காட்டினேன். "இது பரவாயில்லை, விழாம ஓட்டச் சொல்லுங்க" என்றார். மேனேஜரிடம் கேட்டேன். "இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்குது, எடுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றார்.

வீதிக்குள் அதைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்தார். அவர் ஒரு தையல் யூனிட்டில் அயர்ன் மாஸ்டர். வாய் சும்மா இருக்காது.

"ஏனுங் தம்பி, கட்டிலுக்குச் சக்கரம் வெச்சுட்டீங்களா? தலகாணி எங்கீங்க?"

நான் முதலில் பழகினால்தான் அப்பாவுக்குச் சொல்லித்தர முடியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை பிரித்துக் கல் நட்ட காலி நிலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அங்கே போனேன். சாதாரண சைக்கிள் தெரிந்தவனுக்கு இது இன்னும் கஷ்டம். விழப்போகிறோம் என்று தோன்றியதும் உடம்பு முன்னால் குனியப் பார்க்கும். குனிந்தால் கவிழ்ந்துவிடும். முதுகை இருக்கையில் ஒட்டவைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், தூரத்தில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு மிதித்தபோதுதான் வண்டி நேராகப் போனது. இரண்டு முழங்கையிலும் தோல் போயிருந்தது.

பின்னால் நான் பிடித்துக்கொண்டு ஓட, அப்பா என்னைவிடச் சீக்கிரம் பழகிவிட்டார். சாய்ந்துகொண்டு ஒரு சுற்று வந்தவர், இறங்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது போ" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

பராமரிப்பு என் பொறுப்பு. அதன் செயின் சாதாரண சைக்கிள் செயின் மூன்றைச் சேர்த்த நீளம் இருக்கும். இருக்கைக்கு அடியில் ஒரு சிறு பல்சக்கரத்தின் மேல் ஏறி இறங்கிப் பின்னால் போகும். எங்கள் வீதியில் நாலு வீட்டுக்கு ஒரு நிட்டிங் மெஷின் ஓடுவதால் காற்றிலேயே பஞ்சு பறக்கும். எண்ணெய் விட்ட செயினில் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். வாரக்கடைசியில் பார்த்தால் செயினுக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய் விடுவேன். ஒருமுறை வேஸ்ட்டிலிருந்து ஒரு நூல் பிரிந்து அந்தச் சிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. பிளேடால் அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் அப்பா விழ ஆரம்பித்தார்.

காலி நிலத்தில் ஒருமுறைகூட விழாதவர் ரோட்டில் விழுந்தார். முதலில் வீதி முனையில். அடுத்து கோயில் பக்கம். அதற்கடுத்து எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் வீட்டருகே. இருக்கை தாழ்வாக இருந்ததால் சிராய்ப்போடு போயிற்று. ஆனாலும் ஆபரேஷன் ஆன உடம்பு. அம்மா தூக்கமில்லாமல் தவித்தார். ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டால் அப்பா, "என்னுமோ ஆட்டம் குடுத்துருச்சு" என்பார்.

செயினில் நூல் சுற்றியது என் மனதில் இருந்ததால், கோளாறு வண்டியில்தான் என்று முடிவு கட்டினேன். செயினை முழுவதும் கழற்றி ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். ஹேண்டிலுக்குள் இருக்கும் பால்ஸ் குண்டுகளை மாற்றினேன். பிரேக் ஒயரைப் புதிதாகப் போட்டேன். சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, பழுதே இல்லாத வண்டிக்கு நான் என்னத்தப் பண்றது?" என்று கைவிரித்தார். ஒருநாள் விடியற்காலையில் அப்பாவை முன்னால் ஓட்டவிட்டுப் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். வீதியில் ஆளில்லை. அம்பு மாதிரி நேராகப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு முறை விழுந்தால் சைக்கிளை எடைக்குப் போட்டுவிடுவதாக அம்மா சொல்லிவிட்டார். அப்பா மறுக்கவில்லை. விழுந்தால் வேலையையும் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் பிரிண்டிங் யூனிட்டில் சாம்பிள் கொடுக்க எங்கள் பக்கம் வந்தேன். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஸ்கூட்டரில் வீதி முனையைத் திரும்பினேன். எதிரே அப்பா வந்துகொண்டிருந்தார். சீராக மிதித்துக்கொண்டு, நன்றாக வந்தார். என்னைப் பார்த்தார். சடாரென்று இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் விட்டார். கால்கள் இழுபட்டு, வண்டி ஆடி, நடுரோட்டில் சாய்ந்தது. பின்னால் ஆட்களை ஏற்றி வந்த கம்பெனி வேன் கிரீச்சென்று நின்றது. அதன் முன்சக்கரத்துக்கும் அப்பாவின் தலைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம்கூட இல்லை.

டிரைவர் கத்திய கத்தலில் பாதி என் காதில் விழவே இல்லை. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் முதல் காரியமாக, நீண்டிருந்த இரண்டு காலையும் உள்ளே மடக்கிக்கொண்டார்.

ஓரமாகக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"செயின் இறுகிருச்சுங்களாப்பா?"

"செயினெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏனுங்க காலை எடுத்தீங்க?"

தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ எதுக்கால வந்துட்டயே."

"வந்தா என்னங்க?"

"ரெண்டு காலையும் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு எப்படி சாமி வர்றது? படிச்சு வேலைக்குப் போற புள்ளைக்கு எதுக்கால..."

அதன் பிறகு கிளறிக் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. வீதி முனையில் விழுந்தது, தோட்டத்துக்காரர் எதிரே நடந்து வந்தபோது. அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அவருடைய தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தோட்டம் இன்று மனைகளாகிவிட்டது, அவருடைய மகன்கள் கம்பெனி நடத்துகிறார்கள், அப்பா அங்கே வேலைக்குப் போவதும் இல்லை. இருந்தாலும் அவரைக் கண்டால் அப்பாவின் தோளில் இருக்கும் துண்டு கைக்கு வந்துவிடும். கோயில் நடை திறந்திருந்தபோது விழுந்ததும், வாத்தியார் வாசலில் நின்றபோது விழுந்ததும் அதே கதைதான். மரியாதைக்குரியவர்கள் எதிரே வந்தால் அந்தக் கால்கள் தாமாக இறங்கிவிடும். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சின்ன வயதில் அப்பாவோடு அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது, அவர் செருப்பை வேலிக்கு வெளியே கழற்றிவிட்டு நின்றதை நானும் பார்த்தவன்தான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கம்பெனியிலிருந்து வெட்டிய துணி பீஸ் வாங்கி வந்து, ஓரம் பிரியாமல் வீட்டிலேயே ஓவர்லாக் தையல் அடிப்பவர். மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலையறதுக்கு என்னங்க? பையன் செயினக் கழட்டிக் கழட்டி வாசலெல்லாம் மண்ணெண்ணெ நாத்தம்! வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டி முடித்த அம்மா எழுந்து சைக்கிளிடம் போனார். பெடல் இருக்கும் முன்பகுதியைக் கையால் சாண் போட்டு அளந்தார். "கால் தெரியாம மறைச்சுட்டாப் போவுது" என்றார்.

பழைய குடைக் கம்பிகளை வளைத்து நான் ஒரு கூடு கட்டினேன். ரிஜெக்ட் ஆன மஞ்சள் துணியில் அம்மா அதற்கு ஓர் உறை தைத்தார். கால் சுழல இடம் விட்டு, விளிம்பில் எலாஸ்டிக் வைத்தார். நூல் பிரிந்து செயினில் சுற்றிவிடுமே என்றேன். ஓரம் முழுக்க இரண்டு முறை ஓவர்லாக் அடித்து, "இப்பப் பிரியுமான்னு இழுத்துப் பாரு" என்று சவால் விட்டார். பிரியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "அட, சைக்கிளுக்கு டவுசர் போட்டாச்சுங்களா!" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார். பளிச்சென்ற மஞ்சள் என்பதால் வேன் டிரைவர்கள் தூரத்திலேயே பார்த்துவிடுவார்கள். அது நாங்கள் யோசிக்காமலே கிடைத்த லாபம்.

முதல் நாள் சாயங்காலம் அப்பா திரும்பும்வரை நானும் அம்மாவும் வாசலிலேயே நின்றோம். வந்தவர், வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார்.

"தோட்டத்துக்காரரு எதுக்கால வந்தாரு. 'என்னப்பா, வண்டிக்குத் துணி கட்டிருக்கற'ன்னாரு. 'ஆமாங்க சாமி, பஞ்சு ஒட்டாம இருக்கறதுக்குங்க'ன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "நிக்கல. ஓட்டிக்கிட்டே சொன்னேன்."

அவர் வேலைக்குப் போவது நிற்கவில்லை. வாரக்கடைசியில் பஞ்சு எடுப்பதைக்கூட இப்போது அவரே செய்துகொள்கிறார்.

இந்த வருடம் ஒரு மழைநாளில், துவைத்த உறை காயாமல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா உறை இல்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அதே ரோட்டில் தூரத்தில் அவர் வருவதைப் பார்த்தேன். இரண்டு பாதங்களும் வெளியே தெரிய, நிதானமாக மிதித்து வந்தார். இன்னும் என்னைக் கவனிக்கவில்லை. நான் எதிரே போகவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பி ஓரமாக நின்று, அவர் வந்து சேர்ந்ததும் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டினேன். "இன்னேரத்துக்கு இங்க என்ன கண்ணு?" என்று கேட்டார். கால்கள் நிற்கவில்லை.

இப்போதும் ரோட்டில் அப்பாவைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் பக்கமாகச் சேர்ந்துகொள்கிறேன். என்னைப் படிக்க வைக்க அத்தனை வருடம் மிதித்த கால்கள் இனி யாருக்காகவும் தரையில் இறங்க வேண்டாம், எனக்காக இறங்கவே வேண்டாம்.